கழுத்தைத் திருப்பாத மாப்பிள்ளை

வெள்ளி, 3 செப்டம்பர் 1943. பிரிக்பீல்ட்ஸ்
காலையிலிருந்து மழை. இன்னும் வாங்க வேண்டியவை: வெற்றிலை, குங்குமம், மரவள்ளிக் கிழங்கு பத்துக் கட்டி எடை.

மாலையில் கிள்ளானிலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஆள் வந்தார். மாப்பிள்ளை கல்யாணப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு வந்த லோரியைப் பின்னாலிருந்து இன்னொரு லோரி இடித்துவிட்டதாம். "மாப்பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லம்மா. அண்டாதான் நசுங்கிருச்சு." அம்மா உடனே சூடம் ஏற்றினாள்.

ஞாயிறு, 5
கல்யாணம் முடிந்தது! யுத்த காலம், அரிசி இல்லாத விருந்து. கிழங்குப் பாயசத்துக்கே அடிதடி. ஒரே சிரிப்பு.

ஆனால் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மாலை போட நான் எக்க வேண்டியிருந்தது. "மாப்ள குனிய மாட்டாராமா? ராங்கி!" என்றாள் சித்தி. அடுப்படியில் இரண்டு நிமிடம் அழுதேன். கேட்டவர்களிடம் புகை என்றேன்.

செவ்வாய், 7. கிள்ளான்
புது வீடு. வெயில். பக்கத்து வீட்டுப் பாப்பா பின்னாலிருந்து "மாமா" என்றது. அவர் உடம்போடு திரும்பினார், அலமாரியை நகர்த்துவதுபோல். தண்ணீர் குடிக்கும்போதும் தலை நிமிரவில்லை.

எனக்குச் சுரீரென்றது. மருந்தகத்தில் இரண்டு வருடம் துணை வேலை பார்த்தவள் நான். வண்டி மோதி வருபவர்களில் சிலருக்கு ரத்தம், காயம் எதுவும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் நாள்தான் கழுத்து இறுகும்.

"லோரி இடிச்சதுலேருந்தா?"

"தூங்குனது சரியில்ல..." பிறகு மெல்ல, "சொன்னா சகுனம் சரியில்லன்னு கல்யாணத்த நிறுத்திருவாங்க. நீ கெடைக்காம போயிருவியோன்னு பயந்துட்டேன்."

நான் கிடைக்காமல்! திரும்பத் திரும்ப எழுதலாம் போலிருக்கிறது.

விரல் மரத்துப்போகிறதா? இல்லை. கையில் பிடி இருக்கிறதா? என் கையைக் கொடுத்துப் பார்த்தேன். நிறையவே இருக்கிறது.

நாத்தனார் எண்ணெயோடு வந்தார். "ஒரே திருகு, சரியாயிரும்."

"வேணாம் அண்ணி, தொடாதீங்க!" குறுக்கே நின்றுவிட்டேன். வந்து இரண்டே நாள். முறைத்தார்.

புதன், 8
மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. உள்ளே தசைநார் இழுபட்டிருக்கிறது. எண்ணெய் போட்டுத் திருகப் பார்த்ததையும் சொன்னோம். "திருகியிருந்தா வம்பாயிருக்கும். யாரு தடுத்தது?" என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார், கையால்.

சூட்டு ஒத்தடம். பாரம் தூக்கக் கூடாது. வலிக்காத அளவு மெல்லத் திருப்பலாம். கை மரத்துப்போனால் உடனே வர வேண்டும்.

ஒத்தடத்துக்கு உப்பு கிடைக்கிற காலமா இது? நாத்தனாரே மணல் வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்தார். "பொல்லாதவதான் வந்திருக்கா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஞாயிறு, 12
நல்ல காற்று. இடப்பக்கம் முக்கால்வாசி திரும்புகிறது. வலப்பக்கம் இன்னும் பாதிதான்.

"அப்ப நீ இந்தப் பக்கம் உக்காரு" என்று இடப்பக்கத்தைத் தட்டிக் காட்டுகிறார். எழுதுவதை நிறுத்தச் சொல்கிறார். நிறுத்துகிறேன்