ஓகுஸ்த்தின் காளான் காடு

அன்புள்ள சொலாஞ்ச்,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம், தொப்பை என்னைவிட நலம்.

காலையில் எழுத்து, மதியம் சூப், மாலையில் பக்கத்து வீட்டு ஓகுஸ்த்தோடு வம்பு: என் நாள் இவ்வளவுதான். போன வாரம் அவர் காளான் பறிக்கும் காட்டைப் பற்றி, போகும் வழியோடு, பத்திரிகையில் எழுதித் தொலைத்தேன். இந்த ஊரில் யாரும் பெற்ற மகனுக்குக்கூடச் சொல்லாத இடம் அது. ஞாயிறன்று பாரிஸ் கார்கள் வந்து காட்டையே வழித்துக்கொண்டு போயின. அதன்பின் ஓகுஸ்த் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நான் பூனையோடு பேசிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒயின் புட்டியோடு அவர் வாசலில் நின்றேன்.

"எழுத்தாளரே, உம்ம வாய்க்குக் கதவே கிடையாதா?" என்றவர், இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தார். "இனிமே காளானை நானே கொண்டாந்து தரேன். எங்கேருந்துன்னு கேட்டீரோ, கூடையாலேயே அடிப்பேன்!"

வாசலில் ரொட்டி வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். கம்பளிக் காலுறை வேண்டும். தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வாயேன்.

காஸ்பார்