செம்மண் பாதையில் உங்களை வேவு பார்த்தது

நேற்று வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. உங்கள் கன்வஸ் படுக்கையைக் கராஜிலிருந்து இழுத்து வந்து வேலியில் விரித்துப் போட்டேன். உருட்டிக் கட்டிய வாரை அவிழ்த்த உடனேயே விறகுப் புகையும் டீசலும் காய்ந்த மண்ணும் கலந்த அந்த மணம் வந்தது. பன்னிரண்டு வருடங்களாக ஒவ்வொரு யூலையிலும் நீங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்த மணம். மடிப்புகளிலிருந்து சிவப்புத் தூசி உதிர்ந்தது. அதில் பாதி இந்தமுறை நான் சேர்த்தது. ஓம், போய்விட்டுத்தான் வந்தேன். உங்களைப் பிடிப்பதற்காக.

ஒளிக்காமல் எழுதுகிறேன். உங்களுக்கு அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தேன். நாற்பத்தாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதரைப் பற்றி அப்படி நினைக்கலாமா என்று வேறொருவர் கேட்பார். நீங்கள் கேட்க மாட்டீர்கள். நீங்கள் எதையும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. இங்கே நோபல் பார்க் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "தேத்தண்ணி", "காணும்", "போட்டு வாறன்." அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற கையோடு நாலு சில்லும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, தென் அவுஸ்திரேலியப் பாலைவனத்துக்குள் ஓடும் ஊட்னடாட்டா பாதைக்குத் தனியாகப் போகிறேன் என்றால் எந்த மனைவி நம்புவாள்? அங்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியது, இப்போது இடிந்த நிலையங்கள் மட்டும் நிற்கின்றன என்று விளக்கம் சொன்னீர்கள். மன்னார்ப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்கு அது போதுமான காரணம் என்று மகன் நம்பினான். நான் நம்பவில்லை. இடிந்த ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு வந்து யாராவது குளியலறையில் சீட்டி அடிப்பார்களா?

என் சந்தேகத்தை உறுதியாக்கியது, பாதரிடம் பாவங்களை ஒப்புவிக்கும் உங்கள் பாவசங்கீர்த்தனம். பெரிய வெள்ளிக்கு முன் என் தொல்லை தாங்காமல் ஒருமுறை போவீர்கள், அதோடு சரி. ஆனால் பயணத்துக்கு முந்திய சனிக்கிழமை, யாரும் சொல்லாமலே ஷேர்ட் மாற்றிக்கொண்டு கோவிலுக்குப் போய் வரிசையில் நிற்பீர்கள். ஒருமுறை கடைசி வாங்கில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொரு நிமிடம். செபமாலையில் என் விரல் நகரவே இல்லை. ஊர் உலகத்தில் பாவம் செய்த பிறகு போவார்கள், இவர் முன்கூட்டியே போகிறாரே என்று யோசித்தேன். கன்னியர் மடத்தில் படித்தவள் நான். மனச்சாட்சி எப்போது உறுத்தும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு அந்தத் திகதி விவகாரம். ஒரு யூலையில், நீங்கள் புறப்படுவதற்கு முன், குசினியில் வைத்துக் கேட்டேன்.

"எண்டைக்குத் திரும்பி வாறியள்?"

"பாப்பம்."

"பாப்பம் எண்டால்? நேர அட்டவணை பாத்து ரயில் விட்ட மனுசன்தானே நீங்கள்?"

"அப்பிடிக் கேக்காதையும். நல்லதில்லை."

"ஆருக்கு நல்லதில்லை?"

"பாலைப் பாரும், பொங்கப் போகுது."

பால் பொங்கத்தான் போனது. அதற்காக நான் கேள்வியை மறந்துவிடவில்லை.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமானபோது ஆண்டுத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். முடிந்ததும் பாதரைக் கோவில் வாசலில் மறித்தேன். மன்னார்க் கரையோரத்தில் பிறந்தவர், நம் மகனின் வயதுதான் இருக்கும்.

"பாதர், இவர் ஒவ்வொரு யூலையும் உங்களிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்."

"அன்ரி, நீங்கள் கொன்வென்ற்றில படிச்சனீங்கள்."

"ஓம்."

"படிச்சும் இதைக் கேக்க வாறியள்."

"முழுக்கச் சொல்ல வேண்டாம். ஓம், இல்லை எண்டால் காணும். பொம்பிளை விசயமோ?"

அவர் இருமினார். சிரிப்பை மறைக்கும் இருமல். "நான் வாயே திறக்கேலாது, அன்ரி. ஆனா எங்கட ஊர் வழக்கத்தைச் சொன்னால் குற்றமில்லை. என்ர அப்பா பல நாள் தொழிலுக்குப் போக முதல் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டுத்தான் வள்ளத்தில ஏறுவார். எண்டைக்கு வருவியள் எண்டு அம்மா ஒருநாளும் கேக்க மாட்டா. கேட்டால் அண்டைக்கு அப்பா போக மாட்டார். அங்கிளின்ர ஆக்களும் கடல்தொழில்தானே?"

வெட்கமாக இருந்தது. கேட்கக் கூடாததைக் கேட்டதற்காக மட்டுமல்ல. உங்கள் தகப்பனாரின் வள்ளத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டார் உங்கள் உத்தியோகத்தைப் பார்த்துச் சம்மதித்தார்கள். வள்ளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நான் நினைத்திருந்தேன். பாலைவனத்தைக் கடலாக நினைத்துத்தான் நீங்கள் புறப்பட்டீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் வீட்டுக்கு வந்து யோசித்தபோது சந்தேகம் மறுபடி தலை தூக்கியது. கடலுக்குப் போகிறவருக்கு அக்கரையில் யாரும் இல்லை என்று பாதர் சொல்லவில்லையே.

உங்கள் வரைபடத்தை எடுத்து விரித்தேன். அந்த நீண்ட பாதையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பென்சில் வட்டம். டீசலும் சாப்பாடும் விற்கும் ஒரு ரோட்ஹவுஸ்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்றான் மகன். "யூ ஆர் செவன்ட்டி ஃபோர்."

"கொப்பர் கடைசியாப் போகேக்க எழுபத்தெட்டு."

"அப்ப நானும் வாறன்."

"ஒருத்தரும் வர வேண்டாம்."

தகப்பனைப் பற்றித் தெரியக் கூடாத ஒன்று மகனுக்கு முன்னால் தெரியவந்தால் என்ன செய்வது? அதை அவனிடம் சொல்ல முடியாது. கடைசியில் மண்பாதையில் வண்டி ஓட்டும் வகுப்புக்கு ஒரு நாள் போக வேண்டும், சாட்டலைட் தொலைபேசியில் தினமும் பேச வேண்டும் என்று நிபந்தனை போட்டான். வகுப்பில் என்னோடு ஏழு ஆண்கள். காற்றடிக்கும் குழாயை முதல் தரத்திலேயே ஒழுங்காக மாட்டியது நான் ஒருத்திதான்.

மரீ என்ற சின்ன ஊரில் மண்பாதை தொடங்கியது. இறங்கி நாலு ரயரிலும் காற்றைக் குறைத்தேன். பாதை தகரக் கூரை மாதிரி வரி வரியாக இருந்தது. பல்செட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டினேன். சிரிக்காதீர்கள். ஒரு பக்கம் உப்பு ஏரி வெள்ளையாகக் கிடந்தது. மற்றப் பக்கம் ரயில் ஓடிய மண் அணை, தண்டவாளம் இல்லாமல், பாதையோடு கூடவே வந்தது. அன்று மாலை கூரையில்லாத ஒரு கல் நிலையத்தின் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, உங்கள் படுக்கையை விரித்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் மனித வாடை இல்லை. இருந்தும் வண்டியின் கதவுகள் எல்லாவற்றையும் பூட்டி, பூட்டினேனா என்று இரண்டுதரம் எழும்பிப் பார்த்தேன்.

விடியும்போது கன்வஸில் உறைபனி. முழங்கால்கள் மடிய மறுத்தன. எழுந்து நிற்கக் கால் மணித்தியாலம் ஆனது. இந்தக் கஷ்டத்துக்கா வருடா வருடம் வந்தார், நிச்சயம் வேறு ஏதோ இருக்கிறது என்று முணுமுணுத்தபடி தேத்தண்ணீர் வைத்தேன். அப்போது கரவன் என்ற வீட்டுவண்டியை இழுத்துவந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நிறுத்தி, தனியாகவா வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். எதற்கு விசாரிக்கிறார்கள்? "இல்லை, கணவர் பின்னால் வருகிறார்" என்றேன். பாதுகாப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் அன்று முழுவதும் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்தே வண்டி ஓட்டினேன்.

வட்டம் போட்ட இடத்துக்கு அடுத்த நாள் காலை போய்ச் சேர்ந்தேன். இயந்திரச் சத்தம் கேட்டதுமே ஒரு பெண் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள். அறுபதைத் தாண்டியவள், வெயிலில் வெடித்த முகம். என்னைப் பார்க்கவே இல்லை. வண்டிக்குள் உங்களைத் தேடினாள். உங்கள் பெயரைப் பாதியாக வெட்டி, நான் ஒருநாளும் கூப்பிடாத ஒரு செல்லப் பெயரால், எங்கே அவர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அவள் விரலைப் பார்த்தேன். மோதிரம் இல்லை. சரி, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நீங்கள் இறந்துவிட்டதைச் சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பிடிக்கவில்லை. என் கணவருக்காக என் முன்னால் அழ இவள் யார்?

பிறகு உள்ளே கூட்டிப் போனாள். கையெல்லாம் எண்ணெயோடு ஒரு வாட்டசாட்டமான மனிதர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அவளுடைய புருசன். இரண்டு பேருமே இயந்திரங்களோடு வேலை செய்வதால் மோதிரம் போடுவதில்லையாம். நான் கேட்காமல் விடுவேனா? பாதையைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிற ஒருவரும் மேசையில் இருந்தார். அவர் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "அந்த மனிதர் வாயைத் திறந்தால் மூட மாட்டாரே!"

"யார்?" என்றேன்.

"உங்கள் ஆள்தான்."

"நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள்."

மூவரும் சிரித்தார்கள். வருடத்தில் மூன்று நாள் அவர்களுடைய கடைக்குப் பின்னால் படுக்கை விரிப்பீர்களாம். காலைத் தேத்தண்ணீர் நேரத்துக்கு உள்ளே வந்து மூலைக் கதிரையில் இருந்தால் மத்தியானம் வரைக்கும் கதைதானாம். தண்டவாளத்தில் படுத்த யானைகள். வேறு ரயிலில் ஏறி வேறு ஊர்க் கலியாண வீட்டில் போய் இறங்கிய மாப்பிள்ளை. கொடியைத் தொலைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய சாரத்தை அவிழ்த்துக் காட்டிய ரயில் கார்ட். அந்தக் கதைகள் எனக்கும் தெரியும். உங்கள் வாயால் ஆரம்பங்கள் மட்டும் தெரியும். லிட்கமில் என் தங்கை வீட்டு விருந்தில் நீங்கள் தொடங்குவீர்கள்: "அண்டைக்கு மூண்டு யானை." நான் சொல்வேன்: "மூண்டில்லை, ரெண்டு. அதுவும் செட்டிகுளத்தில." நீங்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "சரி, நீரே சொல்லும்" என்பீர்கள். நானே சொல்வேன், ஒரு பிழை இல்லாமல். யாரும் சிரிக்க மாட்டார்கள். எந்த வருடத்தில் நீங்கள் தொடங்குவதையே விட்டீர்கள்? எல்லாத் திகதியும் நினைவிருக்கும் எனக்கு அது மட்டும் நினைவில்லை.

ஒருத்தி இருந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவளைத் திட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது, யாரும் குறுக்கே பேசாத ஒரு கதிரைக்காக.

"எங்களுக்குப் பிடித்தது உங்கள் கதைதான்" என்றாள் அந்தப் பெண். "அந்த மழைக் கதை."

எந்த மழை என்று கேட்டேன். அவளே சொன்னாள். மடு றோட் நிலையம். மடு மாதா கோவிலின் ஆவணித் திருவிழா. கொட்டுகிற மழை. வெள்ளைச் சேலை கட்டிய ஓர் இளம் ஆசிரியை நனைந்து ஓடி வருகிறாள். ரயில் புறப்பட வேண்டிய நேரம். நிலையத்தின் இளம் அதிகாரி சட்டத்தை மீறி, பச்சைக் கொடியை மூன்று நிமிடம் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். அவள் ஏறுகிறாள். ஜன்னலால் திரும்பிப் பார்த்து நன்றி சொல்கிறாள்.

ஆவணியில் மடுவில் மழையா? அந்த வருடம் கிணறுகளே வற்றிக் கிடந்தன. ரயில் ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. நான் உங்கள் அறைக்குள் வந்து புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். ஸ்டேஷன் மணிக்கூடு நாலு நிமிடம் பிந்தி ஓடுவதையும் சேர்த்து. நீங்கள் நின்றபடியே வாசித்துவிட்டு, "கையெழுத்து நல்ல வடிவு, ரீச்சர்" என்றீர்கள். நான் நன்றி சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல.

"உண்மைதானா?" என்று கேட்டாள். "என் புருசன் நம்பவே மாட்டார். அளக்கிறார் என்பார். இப்போது நீங்களே சாட்சி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திருத்தம் முழுவதும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. நீங்கள் வாய் திறந்த ஒரே இடத்தில் உங்களைப் பொய்யராக்க என்னுடைய ஒரு வசனம் போதும். அப்படி வசனங்கள் சொல்வதில் எனக்கு அனுபவம் அதிகம்.

"சரியான மழை" என்றேன். "சேலைத் தலைப்பைப் பிழிந்து பிழிந்து கை நொந்தது. ஆனால் ஒரு பிழை இருக்கிறது. மூன்று நிமிடமில்லை. அவர் எனக்காக ரயிலை நிறுத்தி வைத்தது ஐந்து நிமிடம்."

அவள் புருசன் மேசையில் ஓங்கி அடித்துச் சிரித்தார்.

சந்தேகம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். என் புகாரை ஏன் கதையிலிருந்து எடுத்தீர்கள்? என்னைக் காப்பாற்றவா, உங்களையா? அது நியாயமான புகார். இப்போதும் இடையிடையே அதை நினைத்து உங்களோடு சண்டை பிடிக்கிறேன்.

வண்டியை விற்க விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், அப்பப்பாவை எப்படிச் சந்தித்தாய் என்று பேத்தி ஆங்கிலத்தில் கேட்டாள். சொன்னேன். ஓடி வந்ததையும் கொடியை ஒளித்ததையும் ஜன்னலால் திரும்பிப் பார்த்ததையும் சொன்னேன். மகன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அம்மா, ஆவணியில மடுவில மழையோ? தண்ணிக்கு அலையிற காலமெல்லோ அது?"

"நீ அங்க நிண்டனியோ?"

"இல்லை."

"அப்ப பேசாமல் சாப்பிடு. நனைஞ்சது நான்."