சுரண்டாத கதவுகள்

சென்னை, 20.4.1999

அன்புள்ள அம்மாவுக்கு, காளீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. உன் இருமல் குறைந்ததா? நான் சுகம்தான், தூக்கம் மட்டும் இல்லை.

கடைசி வருடக் கட்டட டிசைனுக்கு, நீ வேலை பார்க்கும் நம் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸைப் போல ஒன்றை வரைந்திருக்கிறேன். நேற்று சார் அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இத்தனை கதவு? இது கல்யாண மண்டபமா? பாதியை எடுத்துடு, இல்லேன்னா ஜூரியில கிழிச்சுடுவாங்க" என்றார். நாளை மறுநாள் ஜூரி. வெளியிலிருந்து வரும் மூன்று பேர் கேள்வி கேட்டுத்தான் பாஸ் போடுவார்கள்.

மையில் வரைந்ததைப் பிளேடால் சுரண்டித்தான் அழிக்க வேண்டும். பிளேடை எடுத்ததும் பொங்கலுக்கு நீ சொன்னது ஞாபகம் வந்தது: "ஏட்டி, வேலை நேரத்துல யாரும் நழுவிரக் கூடாதுன்னு அவிய பின்வாசலப் பூட்டிப் போடுதாவ." நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். ஒரு பொறி விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவாய்?

ஒரு கதவையும் நான் சுரண்டவில்லை.

கவலைப்படாதே. யாராவது இங்கே வந்தால் உன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துவிடு. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அந்த மூன்று பேருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ இனிமேல் முன்வாசலை ஒட்டியே உட்காரு, அம்மா.

உன் மகள்,
காளீஸ்வரி