செல்வியின் சம்மதம்

செவ்வாய்க்கிழமை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுச் செல்விக்கு இன்று காலை மூன்றாவது பிரசவம். சிங்களம் தெரியும் என்று என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். சிசேரியனோடு கருத்தடையும் செய்யட்டுமா, அவளைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார் டொக்டர். நான் அவளைக் கேட்கவில்லை. வழக்கம்போல அவள் புருஷனைத்தான் பார்த்தேன்.

"அவளுக்கு என்னாங்க டீச்சர் தெரியும்? செஞ்சிரச் சொல்லுங்க" என்றான்.

சம்மதம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். சிங்களப் படிவத்தில் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் செல்வி கையெழுத்து வைத்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. டீச்சர் காட்டிய இடமாயிற்றே!

சாயங்காலம் பார்க்கப் போனேன். குழந்தையை அணைத்தபடி சிரித்தாள்.

"மூணும் பயலாப் போச்சு டீச்சர். அடுத்தது பொம்பளப்புள்ளயாப் பொறக்கும்ல?"

"பொறக்கும்" என்றேன்.