கடைசி ஆள்

12 ஜனவரி, ஞாயிறு இரவு

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சுற்றுலாவில் ஒரே விதி: கடைசி ஆள் வந்து "வந்துட்டேன்" என்று சொல்லும்வரை யாரும் கிளம்பக் கூடாது. போன மாதம்வரை அந்தக் கடைசி ஆள் லப்பைக்குடிக்காடு சாதிக். அவன் துபாய் போனதால் அந்தப் பொறுப்பு என் தொப்பைக்கு வந்தது.

இன்று மீன்சுருட்டி வளைவில், பனிமூட்டத்தில், லாரிகள் உரசிப் போக, எல்லோரையும் பத்து நிமிடம் நிறுத்திவைத்தேன்.

"யாருக்குங்க நிக்கிறோம்?" என்றார் கூட வந்த டீச்சர்.

"கடைசி ஆளுக்குங்க."

"அது நீங்கதானே சார்!"

சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஒரு லாரி சற்று எங்கள் பக்கம் ஒதுங்கியிருந்தால்?

சாதிக்கிடம் போனில் சொன்னேன். சிரித்து அடங்கியபின், "நான் வந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதானே மாப்ள" என்றான்.

நீ வருவாய் என்று நினைத்துத்தானே நின்றேன்.