முதல் நோயாளி

இன்று காலை கம்ப்யூட்டர் இருக்கும் ஏ.சி. அறை வாசலில் தாழம்பூ வாசனை. புது நர்ஸ் ஒருத்தி தலையில் வைத்திருந்தாள், உன்னைப் போல. 'அவங்களே வந்த மாதிரி இருக்கு' என்றார்கள் எல்லோரும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை நாளாகியும் அது உன் நாற்காலிதான்.

தில்லை நகரில் நம் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன், நோயாளிகளின் தாள்களை அடுக்கி வைக்கும் அறையில் நாம் எதிரெதிர் மேசை. தூசி, தும்மல், சிரிப்பு. ஒருத்தியை மட்டும் மெட்ராஸுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அனுப்புவதாகப் பெரிய டாக்டர் சொன்னார். எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை. உன்னை அனுப்பினார்.

'அவங்க கணக்குப் படிச்சவங்க. நீங்க இலக்கியம் இல்லையா.'

திரும்பி வந்த வாரமே ஏ.சி. அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாய்.

'செருப்பைக் கழட்டிட்டு வாடி. இதுக்கும் மடி உண்டு.'

'எங்க மாதா கோயில்லகூட இவ்வளவு கெடுபிடி இல்ல.'

'சோதனைக்கு ஒரு பேஷன்ட் வேணும். நீதான் முதல்ல.'

பெயர், வயது. எடையைக் கேட்காமலே குறைத்துப் போட்டாய்.

'வியாதி என்னன்னு கேக்கறது. என்ன போடட்டும்?'

'ஒண்ணுமில்லன்னு போடு.'

'பொய். நான் வந்ததுலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிண்டிருக்கே.'

அதற்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளில் ஒவ்வொன்றாகத் தட்டினாய். கறுப்புத் திரையில் பச்சையாக வந்தது: பொறாமை. நீ சிரித்தாய். நானும் சிரித்தேன், பாதி வரை.

'குணமாச்சான்னு கேக்கறதுடி.'

நான் செருப்பைத் தேடி எழுந்தேன்.

'சரி, நீ சொல்றப்போ போட்டுக்கறேன்.' வெறுமையாக விட்டாய்.

பிறகு நிஜ நோயாளிகள் வந்தார்கள். அரியமங்கலம் பட்டறைக்காரர் ஒருவர் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கத்தினார்: 'ஏம்மா, எம்பேரு டிவியில வருதும்மா!' வராண்டா முழுக்க உன்னைப் பார்த்துச் சிரித்தது. அவருடைய பழைய தாள்களைத் தேடி எடுத்துத் தந்தவள் நான். என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

காமாலை உன்னைச் சீக்கிரம் கொண்டுபோனது. ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டு வாசலில் ஆஸ்பத்திரியே நின்றது. பெரிய டாக்டர் தெருவிலேயே செருப்பைக் கழற்றினார். அழுதுகொண்டே நினைத்தேன்: நான் போனால் இத்தனை பேர் வருவார்களா?

நாற்காலி எனக்கு வந்தது. உன் காமாலைப் பதிவின் கடைசி வரியைத் தட்டியவை என் விரல்கள்தான்.

'சோதனைக்குப் போட்டதெல்லாம் அழிச்சிடுங்க, இடத்த அடைக்குது' என்கிறார் டாக்டர். அழித்துவிட்டேன், ஒன்றைத் தவிர.

இன்று அதைத் திறந்தேன். என் பெயர். நீ குறைத்த எடை. நீ கண்டுபிடித்த நோய். குணமாயிற்றா என்ற கேள்விக்கு எதிரே பச்சைக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. வெளியே அந்த நர்ஸிடம் யாரோ மறுபடி சொல்வது கேட்டது, உன்னைப் போலவே இருக்கிறாள் என்று.

அவளைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். நீ எனக்காக விட்டுவைத்த இடத்தில் பதிலைத் தட்டினேன்.

இல்லை.