நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று

திருக்கழுக்குன்றம்
11.2.2003

அன்பு மகள் பிரபாவதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. வேதகிரீஸ்வரர் புண்ணியத்தில் நானும் உன் மகள் சுஷ்மிதாவும் இங்கே சுகம், ஜப்பான் குளிரில் உன் உடம்பும் நீ ஆராய்ச்சி செய்கிற கல்லின் உடம்பும் எப்படி இருக்கிறதோ என்றுதான் நாள் முழுக்க நினைப்பு. மாப்பிள்ளை சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார், இளைத்திருக்கிறார். சுஷ்மிதாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, கூரைமேல் எறிய விடமாட்டேன் என்கிறாள், அம்மா பார்த்த பிறகுதான் என்று பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். போன வாரம் மாமல்லபுரம் கூட்டிப்போய்க் கடலைக் காட்டி, இதற்கு அந்தாண்டதான் உங்கம்மா என்றேன். அலையில் நின்றவள் நகரவே இல்லை, பஸ்ஸைத் தவறவிட்டோம்.

நீ போனில் சொன்னதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவளுக்கும் புரிகிற மாதிரி சொன்னாய், கல் அப்பளக்கட்டு மாதிரி ஏடு ஏடாக அடுக்கியிருக்கும், ஒரு முனையைச் சூடாக்கினால் அதில் கரண்ட் பிறக்கும், ஏட்டோடு நெடுக்கே அளந்தால் பிளஸ் வருகிறது, ஏடுகளுக்குக் குறுக்கே அளந்தால் மைனஸ் வருகிறது என்று. கூட வேலை செய்கிறவர்கள் கம்பியை மாற்றி வைத்துவிட்டாய் என்று சிரித்தார்களாம், புரொபசர் கற்கண்டு வளர்க்கிற மாதிரி புதுக் கல் வளர்த்து மறுபடி அளந்து காட்டச் சொன்னாராம், அதற்குச் சித்திரை ஆகிவிடுமாம். என்னால முடியல, விட்டுட்டு வந்துடறேம்மா என்று நீ அழுததும் நான் யோசிக்கவே இல்லை, வந்துடு கண்ணு என்றுவிட்டேன். போனை வைத்த கையோடு உன் மெத்தையை மாடி வெயிலில் போட்டேன். பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் பார்த்துவிட்டு, "இன்னா லோகா, பொண்ணு வருதா? கல்லச் சுடறதுக்கு சப்பானுக்கா போவணும், நம்மூரு மலையே காலச் சுடுதே" என்றாள். அன்றைக்கு எனக்கு அவள் கேலிகூட இனித்தது.

அம்மா வருகிறாள் என்றதும் சுஷ்மிதா குதிப்பாள் என்று பார்த்தேன். அவளோ, அப்ப கல்லு பொய் சொல்லிச்சா ஆயா என்று கேட்டாள். எங்கம்மா கல்லில் கரண்ட் எடுக்கிறாள் என்று கிளாஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம். கல் எங்கேயாவது பொய் சொல்லுமா என்றேன். "அப்ப அம்மாதான் பொய் சொல்லிச்சா?" என்றாள்.

நீ பொய் சொல்லுகிறவள் இல்லை, கம்பி மாறியிருந்தால் முதலில் நீயே சொல்லியிருப்பாய். வடக்கே தலை வைக்காதே என்று நான் சொல்லும்போதெல்லாம் திசையில் என்னம்மா இருக்கிறது என்று சிரிப்பாயே, இப்போது உன் கல்லுக்கே படுக்கிற திசையில்தான் பலன். புதுக் கல்லை அளக்கும்போது நீ தொடாதே, சிரித்தவர்களில் ஒருவரையே கம்பி வைக்கச் சொல்லிவிட்டுக் கைகட்டி நில். கல்யாணச் சமையலில் உப்புக் குறை சொல்லுகிறவள் கையில்தான் நாங்கள் கரண்டியைக் கொடுப்போம். புதுக் கல்லும் இரண்டு விதமாகச் சொன்னால் அவர்கள் வாய் மூடும். ஒரே விதமாகச் சொன்னால் தப்பு என்று ஒத்துக்கொண்டு வா, அதில் வெட்கமில்லை. பாதியில் மட்டும் வராதே. மெத்தையைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். பல் டப்பா சித்திரை வரைக்கும் இருக்கும்.

மிளகு ரசம் வைத்துக் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மலைமேல் இருக்கிறவன் உன்னையும் உன் கையையும் காக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும்.

மாதக் கடைசியில்தான் டிக்கெட் போடுவேன் என்றாய், அதற்குள் இது வந்து சேர்ந்துவிடும். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் குரல் காதில் விழுந்தால் எனக்கு வா என்றுதான் வரும், எழுத உட்கார்ந்தால்தான் இரு என்று வருகிறது. இரண்டும் பொய்யில்லை, உனக்குத் தெரியாததா. அடுத்த தடவை போனில் நான் அழுது கூப்பிட்டாலும் கேட்காதே, இந்தக் கடுதாசியை எடுத்துப் படி.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
லோகநாயகி